பத்தாம் வகுப்பு பசங்களை உரிமை, கடமை பத்தி பேச வைக்கிறது எப்படி?

சோசியல்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில பத்தாவதுக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். அடிப்படை உரிமை ஆறும் சொல்லுன்னா மூச்சு விடாம ஒப்பிச்சிடுவாங்க, கடமை பதினொண்ணும் அப்படித்தான். ஆனா இதுல எது உனக்கு நிஜமா கிடைக்குது, எது கிடைக்கலன்னு கேட்டா க்ளாஸே கப்சிப். அப்புறம் முதல் பெஞ்சுல இருந்து "இது கொஸ்டின் பேப்பர்ல வருமா மிஸ்"னு ஒரு குரல். போர்ஷன் முடிக்கணும், ரிவிஷன் டெஸ்ட் இருக்கு, அதெல்லாம் புரியுது. இருந்தாலும் இன்னும் மூணு வருஷத்துல ஓட்டு போடப் போற பசங்க, வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது அவங்களே பேசணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

குமரி_வாத்தியார்:
டீச்சர், பிஜோ இம்மானுவேல் வழக்கை எடுத்துட்டுப் போங்க. 1985ல கேரளால நடந்தது. யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்க மூணு பேரு, தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நிப்பாங்க, ஆனா பாட மாட்டாங்க, அவங்க மத நம்பிக்கை அது. ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. ஹைகோர்ட்டுல தோத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. கதையை இந்த இடத்துலயே நிறுத்திடுங்க, தீர்ப்பை மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க. தேசிய கீதத்தை மதிக்கணும்ங்கறது அரசியலமைப்போட 51ஏ பிரிவுல முதல் கடமை, பேச்சுரிமை 19வது பிரிவுல இருக்கு, மத சுதந்திரம் 25ல இருக்கு, நீங்க நீதிபதியா இருந்தா என்ன சொல்வீங்கன்னு கேளுங்க. என் க்ளாஸ் அப்படியே ரெண்டாப் பிரிஞ்சுது, "நின்னாலே போதும் சார்"னு ஒரு பக்கம், "எல்லாரும் பாடறப்ப இவங்க மட்டும் ஏன் பாடக்கூடாது"ன்னு இன்னொரு பக்கம், பெல் அடிச்சும் நிக்கல. மறுநாள் தீர்ப்பைச் சொன்னேன். 1986ல சுப்ரீம் கோர்ட் பிள்ளைங்க பக்கம்தான் நின்னுச்சு, எழுந்து நின்னதே மரியாதை, பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் சொல்லலன்னு. மறுபடியும் ஸ்கூல்ல சேத்துக்கச் சொல்லி உத்தரவு.

பஸ்ஸ்டாண்ட்_பக்கம்:
வழக்கு அருமைதான் சார், ஆனா வாயே திறக்காத க்ளாஸுக்கு அது ரெண்டாவது வாரம். முதல்ல அவங்க ஊர் விஷயம் ஒண்ணு வேணும். எங்க பசங்களுக்கு அது பஸ். கையில இலவச பஸ் பாஸ் இருக்கு, ஸ்டாப்புல கூட்டமா யூனிஃபார்மைப் பாத்தா வண்டி நிக்காம போயிடுது, அடுத்த வண்டியில படிக்கட்டுல தொங்கிட்டு வர்றாங்க. இதைப் பேசச் சொன்னேன். தப்பு முழுக்க டிரைவர் மேலதான்னு எல்லாரும் பொரிஞ்சு தள்ளினாங்க. அப்ப ஒரு பையன், அவன் அப்பா கண்டக்டர், எழுந்து "உள்ள இடம் இருந்தும் நீங்க படியை விட்டு ஏறி வர மாட்டேங்கறீங்க, எவனாவது விழுந்தா எங்கப்பா வேலை போகும்"னான். பாருங்க, அதுக்கப்புறம்தான் பேச்சு பேச்சா மாறுச்சு. கடைசியில அவங்களே டிப்போ கிளை மேலாளருக்கு ஒரு மனு எழுதினாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல அந்த ரூட்டோட டைமிங் ஷீட் கேட்டும் ஒண்ணு போட்டோம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 30 நாளைக்குள்ள பதில் தரணும்ங்கறதை புக்குல படிச்சதுக்கும் தபால்காரரை எதிர்பாத்துக் காத்திருக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்! மனு போடறதுக்கு அந்தச் சட்டத்துல வயசு வரம்பு எதுவும் கிடையாது.

சட்டம்_படிச்சவள்:
பஸ் உதாரணத்துல ஒரு விஷயம் கவனமா இருங்க. "கடமையைச் செஞ்சாதான் உரிமை"ன்னு பசங்க மனசுல ஆழமா பதிஞ்சிருக்கு, பெரியவங்களே அப்படித்தான் சொல்றோம். அரசியலமைப்பு அப்படிச் சொல்லவே இல்ல. 1950ல அடிப்படைக் கடமைன்னு ஒரு பகுதியே கிடையாது. எமர்ஜென்சி காலத்துல, 1976ல 42வது திருத்தத்துலதான் பத்து கடமை வந்துச்சு, பதினொண்ணாவது 2002ல, 86வது திருத்தத்துல. அது பெத்தவங்களுக்கான கடமை, 6லிருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளையைப் படிக்க வைக்கணும்னு. அதே திருத்தம்தான் 21ஏ பிரிவுல கல்வியை உரிமையாவும் ஆக்குச்சு. உரிமை மீறப்பட்டா கோர்ட்டுக்குப் போகலாம், கடமையைச் செய்யலன்னு அந்தப் பிரிவை மட்டும் வச்சு யாரையும் தண்டிக்க முடியாது. அதனால "படியில தொங்கினவனுக்கு பஸ் ஏறற உரிமை போயிடுமா?"ன்னு நேராவே கேட்டுப் பாருங்க. போகாதுன்னு ஏன் சொல்றாங்கன்னு அவங்களையே வாதாட விடுங்க, நீங்க நடுவுல புகுந்து முடிச்சு வைக்காதீங்க.

சோசியல்_டீச்சர்:
ரொம்ப நன்றி, பஸ் பிரச்சனை எங்க ஊர்லயும் அப்படியே இருக்கு, அதுலயே தொடங்கறேன். பொம்பளப் பிள்ளைங்கதான் கவலை, ரெண்டு மூணு பசங்க சத்தமா பேச ஆரம்பிச்சா இவங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க. பேர் போடாம சீட்டுல எழுதச் சொல்லலாமா?

பஸ்ஸ்டாண்ட்_பக்கம்:
தாராளமா. சீட்டை வாங்கி நீங்களே முதல்ல படிச்சிடுங்க மேடம், அப்படியே க்ளாஸ்ல வாசிக்கக் கொடுக்காதீங்க. எங்க க்ளாஸ்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்லன்னு நாலஞ்சு சீட்டு வந்துச்சு, அதை வாசிச்சதும் பிள்ளைங்க தானா பேசினாங்க, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கும் அதை எடுத்துட்டுப் போனோம். ஆனா சாதி சொல்லிக் கூப்பிடறாங்க, வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்கறாங்கன்னு எழுதியிருந்தா அது க்ளாஸ்ல பேசற விஷயமே இல்ல. கையெழுத்து உங்களுக்குத் தெரியும்ல, அந்தப் பிள்ளைகிட்ட தனியா பேசுங்க, கல்யாண விஷயம்னா தள்ளிப் போடாம குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணிடுங்க.