பட்டாளத்துப் பிள்ளைகள்: ஆய்வுகள் எதை எண்ணுகின்றன, எதை விடுகின்றன?

கணக்கர்:
பட்டாளத்துப் பிள்ளைகள், அதாவது படைவீரர்களின் பிள்ளைகள் என்றாலே "ஐயோ பாவம்" என்று தொடங்கும் கட்டுரைகள் இந்த வாரம் மட்டும் மூன்று கண்ணில் பட்டுவிட்டன. அதனால்தான் இந்த இழை.

1978இல் லாக்ரோன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இராணுவ மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு "இராணுவக் குடும்ப நோய்க்குறி" என்று ஒரு பெயர் வைத்தார். அதட்டும் அப்பா, சோர்ந்துபோன அம்மா, அடங்காத பிள்ளை என்பதுதான் சித்திரம். வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் உலகமே நோயாளியாகத்தானே தெரியும்? 1991இல் ஜென்சன் குழுவினர் சிகிச்சைக்கு வராத குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர், ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டின்படி அந்தப் பிள்ளைகளின் பிரச்சினைகள் மற்றப் பிள்ளைகளின் அளவில், அல்லது அதற்கும் கீழே இருந்தன.

பிறகு ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு, 2016இல் வெளியானது. 2,724 அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களை மூன்று ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்டுத் தொடர்ந்தார்கள். போர்முனைக்குப் போகும்போது ஏற்ற இறக்கம் இருந்தது, திரும்பிய பின் பெரும்பாலான குடும்பங்கள் பழைய நிலைக்கே வந்தன. இதற்குப் பிறகும் இந்தப் பிள்ளைகளை உடைந்த பாண்டம் மாதிரிப் பார்ப்பது அவர்களுக்கே செய்யும் அநியாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஏழுபள்ளிக்காரி:
வந்துவிட்டேன். பன்னிரண்டு வகுப்பை ஏழு பள்ளிகளில் படித்தவள் நான். அப்பா முழுசாகத்தான் திரும்பி வந்தார், கை கால் எல்லாம் சரியாக. உங்கள் கணக்கில் எங்கள் வீடு "பழைய நிலைக்கு வந்த குடும்பம்". ஆனால் அவர் வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் கதவைச் சாத்தியதில்லை. மெதுவாகத் தள்ளி, தாழ்ப்பாளைக் கையால் பிடித்துப் பொருத்துவோம். இன்றைக்கும் என் வீட்டில் நான் அப்படித்தான் செய்கிறேன். இதற்கு எந்தக் கேள்வித்தாளில் கட்டம் இருக்கிறது?

எண் வேண்டுமென்றால் என்னிடமும் உண்டு. 2010இல் கோர்மன் குழுவினர், அமெரிக்கப் படையினரின் 3 முதல் 8 வயதுள்ள பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். அப்பாவோ அம்மாவோ போர்முனையில் இருந்த காலத்தில் மனநலம், நடத்தை தொடர்பான வருகைகள் 11% கூடியிருந்தன. நடத்தைச் சிக்கல் 19%, மன அழுத்தச் சிக்கல் 18%. மூன்று வயதுப் பிள்ளை தானாக டாக்டரைத் தேடிப் போகாது.

கணக்கர்:
தோழி, உங்கள் வீட்டுக் கதையோடு நான் வாதாட மாட்டேன். எண்ணோடு வாதாடுகிறேன். 11% என்பது எதிலிருந்து 11%? மிகச் சிறிய அடிப்படையின் மேல் ஏறிய 11% சிறியதுதான். அதோடு, தனியாக இருக்கும் அம்மா சின்னச் சந்தேகத்துக்கும் டாக்டரிடம் ஓடுவார். வருகை கூடினால் நோய் கூடியது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. எண்கள் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு வியட்நாம் கணக்கே சாட்சி. அங்கே பணியாற்றிய அமெரிக்க ஆண்களில் வாழ்நாளில் எப்போதாவது போர் மனவடு (பிடிஎஸ்டி) வந்தவர்கள் 30.9% என்று 1980களின் தேசிய ஆய்வு சொன்னது. அதே தரவை இராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுபடி ஆராய்ந்த டோரன்வெண்ட் குழு, 2006இல் அதை 18.7% என்று இறக்கியது.

பழைய சிப்பாய்:
தம்பி கணக்கரே, இறங்கி வந்த கணக்குப்படியும் ஐந்தில் ஒருத்தன் கிட்ட வருது. அதை ஏதோ தள்ளுபடி மாதிரி சொல்றீங்க.

நான் அந்தத் தாளை நிரப்பினவன். திரும்பி வந்ததும் வரிசையில நிக்க வச்சு ஒரு படிவம் கொடுப்பாங்க. "கெட்ட கனவு வருதா? எரிச்சல் வருதா?" எல்லாத்துக்கும் "இல்லை". ஏன்னா "ஆமா"ன்னு போட்டா அன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது, அப்புறம் புரமோஷனும் கிடைக்காது. எங்க வரிசையில அத்தனை பேரும் நல்லா தூங்கினோம், காகிதத்துல.

நடுவரிசை:
பெரியவர் சொன்னதற்கு ஆய்வே இருக்கிறது. ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் கட்டாயப் பரிசோதனையில் கேட்டபோது சொன்னதையும், அவர்களுக்கே பெயர் எழுதாத படிவம் கொடுத்தபோது சொன்னதையும் வார்னர் குழு 2011இல் ஒப்பிட்டது. பெயரில்லாத தாளில் மனச்சோர்வும் மனவடுவும் இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதலாக வந்தன. பெயர் போட்டுக் கேட்கிற எந்த ஆய்வையும் இதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கணக்கர், ராண்ட் அறிக்கையில் பாதியைத்தான் நீங்கள் சொன்னீர்கள். அதே அறிக்கை, போர்முனையில் மனத்தை உலுக்கும் சம்பவங்களைச் சந்தித்தவர்களுக்குத் திரும்பிய பின் பிரச்சினைகள் கூடியதையும் சொல்கிறது. மேலும் அதில் இருந்தவர்கள் திருமணமாகிச் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் தொடங்கிப் பல வருடம் கழித்து எடுத்த ஆய்வு. அதற்குள் பிரிந்துபோன வீடுகள் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை. லாக்ரோன் நோயாளிகளை மட்டும் பார்த்தார் என்றீர்கள். நீங்கள் நின்று தாக்குப்பிடித்தவர்களை மட்டும் காட்டுகிறீர்கள்.

ஆனால் ஏழுபள்ளிக்காரி அவர்களோடும் எனக்கு ஒரு வேறுபாடு. பிரிவையும் போரையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. பிரிட்டனில் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டதைப் பாருங்கள். அப்பா ஈராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ போனார் என்பதற்கும் பிள்ளையின் மனநிலைக்கும் தொடர்பு தெரியவில்லை. அப்பாவுக்கு மனவடு இருந்த வீடுகளில்தான் பிள்ளைகளிடம் பிரச்சினை கூடுதலாக இருந்தது, குறிப்பாக ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு. ஆக, அப்பா போனாரா என்று கேட்பதைவிட எப்படித் திரும்பினார் என்று கேட்பதுதான் பொருத்தம்.

வழிப்போக்கன்:
ஓய்வூதியம், ஊனத் தொகை பற்றியும் பேசலாமே?

கணக்கர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இது அங்கே போனால் திரும்பாது.

நடுவரிசை, நியாயம். அறிக்கையின் அந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கும் வலுவாகிறது, கவனித்தீர்களா? சிக்கல் அப்பாவின் மனவடுவில் இருக்கிறது என்றால், எல்லாப் பிள்ளைக்கும் முத்திரை குத்துவதை விட்டுவிட்டு அப்பாவுக்குச் சிகிச்சை கொடுங்கள், பெற்றோருக்குக் கை கொடுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெவிர்ட்ஸ் நடத்திய "அடாப்ட்" திட்டம் அதைத்தான் செய்தது. 336 குடும்பங்கள், பயிற்சி பெறும் குழு, பெறாத குழு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பிள்ளையை யாரும் நோயாளியாக உட்கார வைத்துச் சிகிச்சை கொடுக்கவில்லை. கோபத்தை எப்படிக் கையாள்வது, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குத்தான் பயிற்சி. வளர்ப்பு முறை மேம்பட்டது, அதன் வழியாகப் பிள்ளைகளின் நடத்தையும்.

முத்திரை வலிக்கும் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. ஆசிரியர் காதில் "இவன் அப்பா போரில் இருக்கிறார்" என்று விழுந்துவிட்டால், அந்தப் பையன் பென்சிலை உடைத்தால்கூட அது அறிகுறியாகிவிடும்.

ஏழுபள்ளிக்காரி:
இதில் ஒத்துப்போகிறேன், மனசில்லாமல். எனக்கும் அந்தப் பார்வை கிடைத்திருக்கிறது, ஏழு பள்ளியில் மூன்றில்.

ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு பேருமே தாண்டிப் போகிறீர்கள். காலம். மூன்று வருடம் பார்த்தார்கள், சரி. அப்பா திரும்பிய மூன்றாம் வருடம் எனக்கு வயது பத்து. வகுப்பில் முதல் மதிப்பெண், சிரித்த முகம், வீட்டு வேலையில் பாதி என்னுடையது. என் ஆசிரியரிடம் அன்று கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். "பொறுப்பான பெண்" என்பார்கள். அந்தப் பொறுப்பு எதற்காக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு எரிச்சல் வர எந்தக் காரணமும் மிச்சம் இருக்கக்கூடாது என்பதற்காக வந்தது. எனக்கு அது முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

ஆஸ்திரேலியாவில் வியட்நாம் போர்வீரர்களின் குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் கழித்து, பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு போய்ப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள், இது கணக்கருக்கு. ஆனால் போருக்குப் போகாத அதே காலத்துப் படையினரின் பிள்ளைகளைவிட இவர்களிடம் மனச்சிக்கல்கள் கூடுதல், இது எனக்கு.

பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாமில் காணாமல்போன விமானிகளின் மனைவிகளிடம் பேசப் போனார். இறந்தார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. அதற்குத் "தெளிவற்ற இழப்பு" என்று பெயர் வைத்தார். அதில் இன்னொரு வகையையும் சொல்கிறார்: ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அங்கே இல்லை. அதைப் படித்தபோது பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கணக்கர்:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆஸ்திரேலிய அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன். ஒன்று மட்டும்: படையை விட்டு அப்பா வெளியே வந்ததும் பல ஆய்வுகளுக்கு அந்தக் குடும்பத்தின் தடம் விட்டுப்போகிறது, தரவு இராணுவ மருத்துவப் பதிவுகளில்தான் இருப்பதால். முன்னாள் வீரர்களின் பிள்ளைகளைப் பற்றி நான் அடித்துப் பேசியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். "உடைந்த பாண்டம்" வாதத்தை அல்ல.

பழைய சிப்பாய்:
ரெண்டு நாளா இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருக்கேன். அந்தக் கதவு விஷயம் ஒரு மாதிரி பண்ணிருச்சு. நேத்து ராத்திரி மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்ப முப்பத்தெட்டு. சுத்தி வளைக்காம கேட்டேன், "சின்ன வயசுல என்னைப் பார்த்துப் பயந்திருக்கியாம்மா?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டா, "எந்த வருஷத்தைக் கேக்குறீங்கப்பா?"