வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறுமா, இறங்குமா? ஹீட்டர் ராடில் குழப்பம்

கரிசல்காடு:
எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனில் கடைசிக் கம்பம். காலையில் 230 பக்கம் இருக்கும் வோல்டேஜ், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் 185-க்கு இறங்கிவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட பக்கெட்டில் 1500 வாட் ஹீட்டர் ராடு போடுகிறோம். காலையில் இருபது நிமிடத்தில் பதமாகிற அதே 20 லிட்டர் தண்ணீர், ராத்திரியில் அரை மணி நேரம் தாண்டுகிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தபோது கேட்டேன். "லோ வோல்டேஜ்ல கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், ராடு எரிஞ்சிடும், போடாதீங்க" என்றார். கணக்கும் அப்படித்தான் வருகிறது: வாட் என்பது வோல்ட் பெருக்கல் ஆம்ப், அப்படியென்றால் 1500-ஐ 185-ஆல் வகுத்தால் 8.1 ஆம்ப். ஆனால் நண்பரிடம் டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் மீட்டர்) வாங்கி, ஃபேஸ் ஒயரை மட்டும் தனியாக எடுத்து மாட்டிப் பார்த்தால் 5.2 ஆம்ப்தான் காட்டுகிறது. மீட்டர் தப்பா, கணக்கு தப்பா? ராடைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன், 34 வந்தது.

லேப்மேட்:
மீட்டர் சரி. நீங்கள் 1500 என்ற எண்ணை மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. ராடில் அச்சடித்திருக்கும் 1500 வாட், 230 வோல்ட் கிடைத்தால் மட்டும் பொருந்தும். ராடுக்குள் இருப்பது ஒரு நைக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பிச் சுருள், அதில் ஏறக்குறைய மாறாமல் இருப்பது மின்தடை மட்டும். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்: 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். இனி எந்த வோல்டேஜ் வந்தாலும் இந்த 35.3-ஆல் வகுத்தால் கரண்ட் கிடைத்துவிடும். 185 ÷ 35.3 = 5.24. உங்கள் டாங் டெஸ்டர் சொன்னது அதேதான்.

இப்போது பவர்: 185 × 5.24 = 970 வாட் சொச்சம். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, ஏனென்றால் வோல்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைகிறது, இரண்டையும் பெருக்கும்போது அடி இரண்டு மடங்காக விழுகிறது. இருபது நிமிட வேலைக்கு முப்பத்தொரு நிமிடம் ஆவது இதனால்தான். ராடு எரியாது, பயப்படாமல் போடுங்கள்.

மீட்டரில் 34 காட்டியது குளிர்ந்த கம்பியின் அளவு. நைக்ரோம் சூடானால் சில சதவீதம்தான் ஏறும், அதனால் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பை இப்படி அளந்து பாருங்கள், 40 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும், கணக்குப்படியோ 529 வரவேண்டும். டங்ஸ்டன் இழை வெள்ளையாக ஒளிரும் அளவு சூடாகும்போது மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்த பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் பியூஸ் ஆவதற்குக் காரணம், குளிர்ந்த இழையின் தடை குறைவு என்பதால் முதல் நொடியில் பாயும் அதிகக் கரண்ட்தான்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். வீட்டு இ.பி. மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் போட்டு, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள்.

வைண்டிங்கடை:
அந்த எலக்ட்ரீஷியன் சொன்னது மோட்டாருக்கு நூற்றுக்கு நூறு சரி, அதை ராடுக்குப் பொருத்தியதுதான் தவறு. மோட்டாரின் செம்புச் சுருளை (வைண்டிங்) கட்டித்தரும் என் கடைக்கு லோ வோல்டேஜ் சீசனில் வரும் மோட்டார்களைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை மூக்கில் ஏறும், செம்புக் கம்பி கருப்பாகியிருக்கும். கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் சுமை அப்படியே இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட் இழுத்தே ஆகவேண்டும், வைண்டிங்கில் சூடு கரண்டின் வர்க்கமாக ஏறும்.

மோட்டாரில் மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. ஒரு ஹெச்.பி. மோட்டாரின் ரன்னிங் வைண்டிங் 3 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள், 230-ஐ வகுத்தால் 77 ஆம்ப் வரும், ஓடும்போது இழுப்பதோ 7 ஆம்ப் அளவில்தான். சுருளின் காந்தப்புலமும் சுழலும் ரோட்டாரும் சேர்ந்து கரண்டைத் தடுத்து நிறுத்துகின்றன. ரோட்டார் ஜாம் ஆகி நின்றுவிட்டால் அந்தத் தடுப்பில் பெரும்பகுதி போய்விடும், சில நிமிடத்தில் வைண்டிங் காலி. அதோடு மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது, பவர் ஃபேக்டரையும் (வோல்ட் × ஆம்ப்பில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும்.

கரிசல்காடு:
நேற்று ராத்திரி எண்ணினேன், நிமிடத்துக்கு 51. எங்கள் மீட்டரிலும் 3200 துடிப்புதான், 51 × 60 ÷ 3200 என்று கணக்குப் போட்டால் மணிக்கு 0.956 யூனிட், அதாவது 956 வாட், டாங் டெஸ்டர் கணக்கோ 185 × 5.2 = 962. மனசுக்கு நிம்மதியாக இருந்தது! ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. காலையில் போடும்போது பிளக் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது, சாக்கெட்டில் ஒரு ஓட்டையைச் சுற்றி பழுப்பேறியிருக்கிறது. ராத்திரியில் இவ்வளவு சுடுவதில்லை.

லேப்மேட்:
இதைத் தள்ளிப்போடாதீர்கள், இன்றே ராடைப் போடுவதை நிறுத்துங்கள். சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே, காலையில் ஓடும் 6.5 ஆம்ப்புக்கு 6.5 × 6.5 × 0.5, அதாவது 21 வாட் சூடு. ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னை அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்த மாதிரி. ராத்திரி 5.2 ஆம்ப்புக்கு 13.5 வாட்தான், அதனால் குறைவாகச் சுடுகிறது. 6.5 ஆம்ப் என்பது சின்ன 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு ஏற்கெனவே அதிகம். 16 ஆம்ப் சாக்கெட்டும் அதற்கேற்ற பிளக்கும் போடச் சொல்லுங்கள், பழுப்பேறிய பக்கத்து ஒயர் நுனியையும் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டச் சொல்லுங்கள். அப்புறம், குழந்தை இருக்கும் வீடு, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கரிசல்காடு:
பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அண்ணன் நாளைக் காலை வருகிறார், இந்த 21 வாட் கணக்கையும் அவரிடம் காட்டுகிறேன்.