முன் பம்பர் கழட்டினா கண்டென்சர் மட்டும் பார்க்கணுமா, எல்லாத்தையும் பார்த்துடலாமா? (சுவிஃப்ட் 2014)

ஆவடி_சுவிஃப்ட்:
2014 பெட்ரோல் சுவிஃப்ட், ஏர்பேக் உள்ள மாடல். சிக்னல்ல நின்னா ஏசி காத்து வெதுவெதுன்னு வருது, வண்டி ஓட ஆரம்பிச்சா குளிருது. கிரில் வழியா டார்ச் அடிச்சா கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு ஏசி கேஸோட சூட்டை வெளிய விடுற பாகம்) பூரா மண் அப்பியிருக்கு. பம்பர் இடது மூலையில ஒரு சாண் விரிசலும் இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே பம்பரைக் கழட்டலாம்னு இருக்கேன். கழட்டின கையோட வேற என்னென்ன முடிச்சுடலாம்?

ஸ்பேனர்செட்:
கழட்டி மாட்டவே பாதி நாள் போயிடும் ஜி, அதனால ஒரே மூச்சுல எல்லாத்தையும் பார்த்துடுங்க. கண்டென்சர், அதுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற சந்து, ஹாரன், பானட் லாக், வாஷர் டேங்க், கிராஷ் பீம் (பம்பருக்குள்ள மோதலைத் தாங்குற குறுக்குச் சட்டம்) துரு, ஹெட்லைட் மஞ்சள், பம்பர் விரிசல். கூலன்ட் பழசுன்னா அதையும் மாத்திடலாம். கீழ் கிரில்லுக்குப் பின்னாடி ஒரு வலை கட்டிட்டா அடுத்த வருஷம் பூச்சித் தொல்லையும் இல்ல.

ரெண்டாம்_கியர்:
இந்த லிஸ்ட்ல பாதிக்கு பம்பர் கழட்டவே வேண்டாம். கூலன்ட் ரேடியேட்டர் அடியில இருக்கிற டிரெயின் வழியா இறங்குது, அதுக்குப் பம்பர் தடையே இல்ல. ஹெட்லைட்டை வண்டியில வச்சே, சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டித் தேய்க்கலாம்.

அதுக்கு முன்னாடி, கோளாறு எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கழட்டுங்க. நின்னா குளிரல, ஓடினா குளிருதுன்னா கண்டென்சர் வழியா காத்து போதலன்னு அர்த்தம். மண்ணாவும் இருக்கலாம், ஃபேனாவும் இருக்கலாம். இன்ஜின் ஓட்டத்துல ஏசி போட்டு, கம்ப்ரஸர் டக்னு பிடிச்சதும் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு போகணும். எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அது சரியாகாது.

ஆவடி_சுவிஃப்ட்:
பார்த்துட்டேன் சார். கம்ப்ரஸர் பிடிச்ச உடனே ஃபேன் நல்ல வேகத்துல சுத்துது.

ரெண்டாம்_கியர்:
அப்போ கழுவலாம். இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம், பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. பல வண்டிகள்ல சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானா ஓடும், விரல் உள்ள இருந்தா போச்சு.

தண்ணி தோட்டத்து ஹோஸ் வேகத்துக்கு மேல வேண்டாம். கண்டென்சர்ல வரிசையா இருக்கிற அலுமினியத் தகடு, அதாவது ஃபின், பேப்பர் மாதிரி மெல்லிசு. வாட்டர் வாஷ் கன்னைப் பக்கத்துல வச்சு அடிச்சா படுத்துடும், படுத்த இடத்துல காத்து போகாது. கார் ஷாம்பூ கரைச்ச தண்ணியை ஸ்ப்ரேயர்ல அடிச்சு 10 நிமிஷம் ஊற விட்டு, மேலிருந்து கீழா, ஃபின்னுக்கு நேரா தண்ணி அடிச்சுக் கழுவுங்க. சாய்வா அடிச்சாலும் ஃபின் மடங்கும். வீட்டு ஏசிக்கு விக்கிற ஆசிட் கிளீனர் பக்கமே போகாதீங்க.

ஸ்பேனர்செட்:
முன்னாடி மட்டும் கழுவினா அரை வேலைதான். முன்பக்கம் அடிக்கிற தண்ணி மண்ணை உள்ள தள்ளி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கொண்டுபோய் அடைக்கும். நிஜமான அடைப்பே அங்கதான், அதுவும் கீழ் மூணு விரக்கடை உயரத்துக்கு. ரேடியேட்டர் மேல் பிராக்கெட் போல்ட்டைக் கழட்டி, ரேடியேட்டரை இன்ஜின் பக்கமா கொஞ்சம் சாய்ச்சுட்டு, சந்துல ஹோஸ் விட்டு உள்ளிருந்து வெளிய கழுவணும்.

ரெண்டாம்_கியர்:
சாய்க்கிற இடத்துலதான் வம்பே. பல வண்டிகள்ல கண்டென்சர் ரேடியேட்டர் மேலயே மாட்டியிருக்கும், இது சாய்ஞ்சா அதுவும் கூட வரும். அதோட ஏசி பைப் அலுமினியம். ஒருதடவை வளைஞ்சா ஜாயின்ட்ல ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இடம் மாறி, ஆர்134ஏ ஏசி கேஸ் மெதுவா கசிஞ்சு ரெண்டு மாசத்துல ஏசி காலி. அப்புறம் வேக்யூம் போட்டு கேஸ் ஏத்தணும். மண் எடுக்கப் போய் கேஸ் செலவு எதுக்கு?

ஸ்பேனர்செட்:
பிடுங்கிச் சாய்க்கச் சொல்லல. ரெண்டு சென்டிமீட்டர் போதும். முதல்ல மாட்டியிருக்கிற விதத்தைப் பாருங்க. கண்டென்சர் தனியா பிராக்கெட்ல நின்னா மட்டும் சாயுங்க. சேர்ந்து வந்தா விட்டுடுங்க, மேல் சந்து வழியா மெல்லிசு பைப்பைச் செருகிக் கழுவலாம். ஏசி பைப்பை எந்த நிலையிலயும் தொடக்கூடாது, அதுல எனக்கும் மறுப்பு இல்ல. கீழ வர்ற தண்ணி தெளிவாகிற வரைக்கும் நிறுத்தாதீங்க.

ரெண்டாம்_கியர்:
அப்படின்னா சரி. சாய்ச்சா மேல் ரேடியேட்டர் ஹோஸ் இழுபடுதான்னு ஒரு கண் வச்சுக்கோங்க. பழைய ரப்பர் கிளாம்ப் ஓரத்துலதான் பிளக்கும்.

வயரிங்_வாத்தியார்:
ஏர்பேக் உள்ள வண்டின்னு போட்டிருக்கார், அதைப் பத்தி யாரும் பேசலயே. முன்பக்க மோதல் சென்சார் பொதுவா ரேடியேட்டர் சட்டத்து மேல, பம்பருக்குப் பின்னாடிதான் இருக்கும். பேட்டரி நெகட்டிவ் எடுத்த உடனே கை வைக்காதீங்க, ஏர்பேக் யூனிட்ல இருக்கிற மின்சாரம் இறங்க சில நிமிஷம் விடுங்க. சென்சார் கப்ளரைக் கழட்டவே வேண்டாம். கழட்டி, மாட்ட மறந்து சாவி போட்டா ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் வச்சு கோட் அழிக்கிற வரைக்கும் அணையாம நிக்கிறதும் உண்டு. அந்தச் சட்டத்து மேல சுத்தியல் தட்டல், இம்பாக்ட் கன் ரெண்டும் கூடாது.

எக்ஸ்யூவி700 மாதிரி முன்பக்கம் ரேடார் உள்ள வண்டிக்காரங்க இந்த இழையைப் பார்த்துட்டுக் கழட்டாதீங்க. ரேடார் கோணம் துளி மாறினாலும் காலிபிரேஷன் வேணும், வாசல்ல நடக்காது.

டிங்கர்_தம்பி:
விரிசலுக்கு வர்றேன். பம்பர் கழட்டுறதால கிடைக்கிற பெரிய லாபமே இதுதான், மத்ததெல்லாம் கொசுறு. பம்பரைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பாருங்க, பிபி+இபிடிஎம்னு அச்சு இருக்கும். பாலிபுரொப்பிலீன் வகை. இதுல எம்-சீலோ அரால்டைட்டோ ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரியும், வெயில் பட்டுப் பம்பர் விரிஞ்சு சுருங்கினா தகடா உரிஞ்சு வரும்.

முதல்ல விரிசலோட ரெண்டு நுனியிலயும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க, இல்லன்னா அடுத்த குலுக்கல்ல நீளும். உள்பக்கத்துல விரிசல் நெடுக வி வடிவத்துல பள்ளம் சுரண்டுங்க. குறுக்கால விரக்கடைக்கு ஒண்ணா சூடான ஸ்டேப்பிள் கம்பி பதிச்சு, மேல பிபி ராடை உருக்கி நிரப்புங்க. ஏபிஎஸ் ராட் வாங்கிடாதீங்க, பிபி கூட சேரவே சேராது. வெளிப்பக்கம் 320 நம்பர் உப்புத்தாள் ஷீட், வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டி, 400, அப்புறம் பிளாஸ்டிக் பிரைமர். அந்தப் பிரைமரை விட்டுட்டு நேரா பெயின்ட் அடிச்சா முதல் வாட்டர் வாஷ்லயே பாளம் பாளமா வரும்.

ஸ்பேனர்செட்:
ஒரே நாள்ல காஞ்சு மாட்ட முடியுமா?

டிங்கர்_தம்பி:
வெல்டிங் முடியும். பெயின்ட் முடியாது. ஞாயிறு உள்பக்கம் வெல்ட் பண்ணி மாட்டிடுங்க, பெயின்டை வண்டியில வச்சே இன்னொரு நாள் பார்க்கலாம். அவசரப்பட்டா ஈரப் பெயின்ட்ல கைரேகையோட மாட்டுவீங்க.

வயரிங்_வாத்தியார்:
ஹாரன் மாத்துறதா இருந்தா ஒண்ணு. கம்பெனி ஹாரன் வயர்லயே ரெண்டு டிஸ்க் ஹாரனைக் கோக்காதீங்க, ரெண்டும் சேர்ந்து 8 ஆம்பியருக்கு மேலயும் இழுக்கும். தனி ரிலே போடுங்க. ரிலே பின் நம்பர்படி, பழைய ஹாரன் வயர் 85, 86-க்கு, பேட்டரி பாசிட்டிவ் 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 30-க்கு, 87-ல இருந்து ஹாரனுக்கு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஃபியூஸ் பேட்டரி ஓரத்துல இருக்கணும், நடுவழியில வச்சா அதுக்கு முன்னாடி உள்ள வயருக்குக் காவல் இல்ல. ஹாரன் வாய் கீழ் நோக்கி இருக்கட்டும், தண்ணி தேங்காது. மாறி மாறி ராகம் பாடுற ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதி 119-படி கூடாது.

இருக்கிற ஹாரன் கம்மிக் கரகரன்னா மாத்தாதீங்க. ஒத்தை வயர் ஹாரனுக்கு எர்த் பிராக்கெட் வழியாத்தான் போகுது. போல்ட்டைக் கழட்டித் துருவைத் தேய்ச்சாலே பாதிக்குப் பாதி சரியாகும்.

ரெண்டாம்_கியர்:
கிராஷ் பீம் துருவுக்கும் இதே சங்கதி உல்டாவா வரும். கம்பி பிரஷ், ரஸ்ட் கன்வர்ட்டர், பிரைமர், கறுப்பு பெயின்ட், எல்லாம் சரி. ஆனா பக்கத்துல இருக்கிற எர்த் போல்ட்டை டேப் ஒட்டி மறைக்காம அடிச்சா, பெயின்ட் எர்த்தை மறிச்சு ஹெட்லைட் மங்கும்.

வலை யோசனை எனக்குப் பிடிக்கல. கொசு வலை கட்டினா பூச்சி நிக்கும், காத்தும் நிக்கும். காத்து இல்லாமத்தான் இவர் வண்டி குளிரல, அதுக்கு மருந்தா வலையா?

ஸ்பேனர்செட்:
கொசு வலைன்னு யார் சொன்னது? 6 மில்லிமீட்டர் கண் உள்ள அலுமினிய வலை, கீழ் கிரில்லுக்கு மட்டும், கேபிள் டை போட்டு. கல் பட்டு கண்டென்சர் ஓட்டையாகிறது அதால குறையும்.

ரெண்டாம்_கியர்:
அந்த அளவுன்னா காத்து அவ்வளவா தடுக்காது, விட்டுடறேன். கல்லுக்காகன்னு யாராவது வெளிய இரும்பு கார்டு மாட்டச் சொன்னா மட்டும் கேக்காதீங்க. அது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-க்கு விரோதம்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதியாச்சு. மோதலோட விசையை நேரா வண்டியோட சேஸிஸுக்குக் கடத்துற சாமான் அது.

ஆவடி_சுவிஃப்ட்:
ஹெட்லைட் யூனிட்டைக் கழட்டி உள்பக்க ஓரமும் துடைக்கலாமா?

ரெண்டாம்_கியர்:
தேவை இல்லன்னா வேண்டாம். கழட்டினா வெளிச்சக் கோணம் மாறும், எதிர்ல வர்றவன் கண்ணு கூசும். கழட்டியே ஆகணும்னா, முன்கூட்டியே சமதரையில சுவத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் வெட்டுக்கோடு (வெளிச்சம் முடியற மேல் ஓரம்) விழற இடத்துல டேப் ஒட்டுங்க. ஹெட்லைட் லெவல் திருகி 0-ல இருக்கட்டும், டயர் காத்து சரியா இருக்கட்டும், டிரைவர் சீட்ல ஒரு ஆள் உக்காரட்டும். மாட்டினப்புறம் அதே டேப்புக்குக் கொண்டு வரணும். டேப் ஒட்ட மறந்தாச்சுன்னா, பல்ப் நடு உயரத்தை விட 5-லிருந்து 6 சென்டிமீட்டர் கீழ விழணும், கோடு இடது பக்கம் மேல ஏறணும்.

ஸ்பேனர்செட்:
மஞ்சளை மட்டும் எடுக்கிறதுன்னா 800, 1500, 2000, 3000 ஷீட், எல்லாம் தண்ணி போட்டு. கடைசியில யூவி கிளியர் கோட் கட்டாயம். வெறும் பாலிஷோட விட்டா சில மாசத்துல பழைய மஞ்சள் திரும்பிடும். டூத் பேஸ்ட் வீடியோ பார்த்துட்டு வராதீங்க.

டிங்கர்_தம்பி:
கழட்டுற முறை. ஃபெண்டர் ஓரம் நெடுக மாஸ்கிங் டேப். மேல் கிளிப்புல நடு பின் ரெண்டு வகை, சிலது உள்ள அமுக்கினா விடும், சிலது மேல தூக்கினா விடும். தெரியாம ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா தலை பிஞ்சு வரும். பத்து புது கிளிப் கையில வாங்கி வச்சுக்கோங்க. வெயில்ல வண்டி கொஞ்சம் சூடானப்புறம் கழட்டுங்க, பிளாஸ்டிக் இளகும். வீல் ஆர்ச் ஸ்க்ரூ எடுத்துட்டு மூலையை முதல்ல பக்கவாட்டுல வெளிய இழுக்கணும், முன்னாடி இழுத்தா சைடு பிராக்கெட் காது உடையும். அப்புறம் பத்து கிளிப் போட்டாலும் ஃபெண்டர் ஓரம் வாய் பிளந்துதான் நிக்கும். ஃபாக் லைட் கப்ளரைக் கழட்ட இன்னொரு ஆள் வேணும். கீழ பழைய பெட்ஷீட் விரிச்சு வைங்க.

ஆவடி_சுவிஃப்ட்:
அப்போ கண்டென்சர், விரிசல் வெல்டிங், ஹாரன் எர்த், பானட் லாக்குக்கு கிரீஸ். ஹெட்லைட் யூனிட்டைத் தொடல.

ரெண்டாம்_கியர்:
லாக்ல பழைய அழுக்குக் கிரீஸைத் துடைச்சுட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்க. டபிள்யூடி-40 மட்டும் அடிச்சு விட்டா ஒரு மழையோட போச்சு. லாக் போல்ட்டைத் தளர்த்தாதீங்க, தளர்த்தினா பானட் இடைவெளி மாறும். மாட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் பாதி முறுக்கு விட்டு நிறுத்தி, ரெண்டு பக்க ஃபெண்டர் சந்தும் சமமா வந்தப்புறம் இறுக்குங்க. வீல் ஆர்ச் ஸ்க்ரூ கடைசி.