பேசாமல் இருந்தால் குற்றவாளியா? ஜூரியில் உட்கார்ந்த அனுபவம்

குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும்: அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பைச் சொல்லுங்கள். 'ஜூரியாகப் பணியாற்றுவது' என்று நானும் மனப்பாடமாகச் சொல்லித் தேறியவன்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் எங்கள் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்து, ஒரு குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவனாக உட்கார்ந்த பிறகுதான், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தத்தின் கனம் எனக்கு உறைத்தது.

வழக்கு சின்னதுதான். இரண்டு இடங்களில் திருடுபோன கட்டட வேலைக் கருவிகள் ஒரு வாடகை ஷெட்டில் கிடைத்திருந்தன. ஷெட்டின் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. அதில் ஒருவர்மீதுதான் வழக்கு. சின்ன வயசுப் பையன், பக்கத்தில் அரசுச் செலவில் அமர்த்தப்பட்ட வக்கீல். (வசதி இல்லாதவருக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது மாநிலங்களின் கடமை என்றானது 1963இல் வந்த கிடியன் தீர்ப்பால். சிறையிலிருந்தபடி கிடியன் என்ற கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில் வந்த தீர்ப்பு அது.) அந்தக் கருவிகள் திருட்டுப் பொருள் என்று பையனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் எங்கள்முன் இருந்த கேள்வி.

ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீதிபதி எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "இவர் கடைசிவரை சாட்சி சொல்லவே வரவில்லை என்றால், அதை இவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா?" ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "தப்பு செய்யாதவன் வாயைத் திறந்து சொல்வான். என்னால் வேறு மாதிரி நினைக்க முடியாது" என்றார். நீதிபதி அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். மௌனம் சம்மதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அந்தப் பெரியவர்மேல் கோபமே வரவில்லை.

விசாரணை முடிந்தது. பையன் சாட்சி சொல்ல வரவில்லை. நாங்கள் தனி அறைக்குப் போய் உட்கார்ந்தோம். எதிர்பார்த்தபடியே ஒரு பெண்மணி ஆரம்பித்தார்: "சாவி எப்படிக் கைக்கு வந்தது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" இரண்டு பேர் தலையாட்டினார்கள். எங்கள் ஜூரித் தலைவர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, நீதிபதி எழுத்தில் கொடுத்திருந்த அறிவுரைகளைப் புரட்டி ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார். சாட்சி சொல்லாமல் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் முழு உரிமை. எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதைப் பற்றி உங்களுக்குள் பேசவும் கூடாது. நினைக்காதே என்பதோடு நிற்கவில்லை, பேசவே பேசாதே என்கிறது!

இதே கலிஃபோர்னியாவில் 1965 வரை நிலைமை தலைகீழ். குற்றம் சாட்டப்பட்டவர் பேசாததைச் சுட்டிக்காட்டி வாதாட மாநில அரசியல் சாசனமே இடம் கொடுத்திருந்தது. கிரிஃபின் என்பவர்மீதான கொலை வழக்கில், இறந்துபோன பெண்ணால் தன் தரப்பைச் சொல்ல முடியாது, இவரோ சொல்ல மாட்டேன் என்கிறார் என்ற பொருள்பட அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் பேசினார். உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரைத் தண்டிப்பது போன்றது இது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 1981இல் கார்ட்டர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால் நீதிபதி இதை ஜூரிக்கு எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. எங்கள் கையில் இருந்த பத்திக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

தப்பு செய்யாதவர் ஏன் பேசாமல் இருக்கப் போகிறார் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாட்சி சொல்ல ஏறினால் பழைய தண்டனைகளைக்கூட எதிர்த்தரப்பு கிளறலாம். திக்குவாய் இருக்கலாம், பயம் இருக்கலாம். நம் ஊரிலிருந்து வந்த ஒரு அப்பாவையோ அம்மாவையோ அந்த நாற்காலியில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் குறுக்கு விசாரணை, ஒவ்வொரு தடுமாற்றமும் பொய்யாகத் தெரியும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசின் வேலை. இந்தியாவிலும் அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் பிரிவு, தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

அந்தப் பத்தியைப் படித்த பிறகு எங்கள் பேச்சின் போக்கே மாறியது. ஒரு திருட்டில் போன கருவிகளைக் குற்றம் சாட்டப்பட்டவரே விற்க முயன்ற குறுஞ்செய்திகள் இருந்தன. வரிசை எண்ணைச் சுரண்டிவிட்டேன் என்று அவரே எழுதியிருந்தார். அதில் குற்றவாளி என்றோம். இன்னொன்றில் சாவியைத் தவிர எதுவும் இல்லை. குற்றவாளி இல்லை என்றோம். பன்னிரண்டு பேரும் ஒருமனதாக.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே கதை வேறு. இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹியூஸ்டனில் சலினாஸ் என்பவர் கைதாகாத நிலையில், தானாகப் போய் போலீஸ் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். துப்பாக்கித் தோட்டா பற்றிய ஒரு கேள்விக்கு மட்டும் மௌனமானார். அந்த மௌனத்தை அவருக்கு எதிராக வழக்கில் பயன்படுத்தினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லையாம்! சட்டம் தெரிந்தவருக்கு ஒரு நீதி, தெரியாதவருக்கு ஒரு நீதி என்றாக்கும் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் வீட்டில் கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இது: போலீஸ் விசாரித்தால் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், பொய் சொல்லாதீர்கள். வண்டி ஓட்டும்போது நிறுத்தினால் லைசென்ஸைக் காட்டுங்கள். அதற்குமேல் குற்றம் சம்பந்தமாகக் கேள்வி வந்தால், சும்மா இருந்துவிடாமல், பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன், வக்கீல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசாதீர்கள்.