சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி முகாம் தேவையா, பெட்டியடி போதுமா?

சபைச் செயலர், காரைக்குடி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் போதகரையும் சபைக்குழு உறுப்பினர்கள் இருவரையும் கொடைக்கானலில் நடைபெறவிருக்கும் ஐந்து நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு 30,000 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று சென்ற குழுக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். பாதிப் பேர் தலையசைத்தார்கள். மீதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். நம் பகுதிப் போதகர்களில் பலர் மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். அங்கே பெற்ற கல்வியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளும் பிரசங்கம், அடக்க ஆராதனை, நிலத் தகராறு, கணவன் மனைவி பிணக்கு ஆகிய அனைத்தையும் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? முப்பது ஆண்டுகளாகப் புதிதாக எதையும் கற்காத மருத்துவரிடம் நாம் நம் பிள்ளையைக் கொண்டுபோவோமா?

ஓய்வுபெற்ற பொருளர், தேவகோட்டை

செயலர் ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மருந்து தவறு என்பது என் கருத்து. நம் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன காலத்தில் கடைப் பொறுப்பாளரான மேலாளை உருவாக்க எவரும் முகாம் நடத்தவில்லை. சிறுவனாகப் போனவன் பணப்பெட்டியருகே வேலை பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, வட்டிக் கணக்கையும் வருகிறவர்களின் முகத்தையும் படித்து, பின்னர் மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, அதற்கும் பின்னரே கடையின் பொறுப்பை ஏற்றான்; மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, முதலாளியின் முன் ஒவ்வொரு காசுக்கும் பதில் சொன்னான். சபையிலும் அதுவே வழியாக இருந்தது. தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவான ஆரோன் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருவுக்கு உதவியாக வேதம் போதிப்பவராக, ஊர் ஊராக நடந்த பிறகே 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனைச் சபையின் கண்காணியாக வைக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்தப் பழக்கத்தை நினைத்துத்தான். வீடு சந்திப்பை வாரம் ஒருமுறைகூட ஒழுங்காகச் செய்யாதவருக்குக் கொடைக்கானல் குளிர் எதைக் கற்றுத்தரும்?

சபைச் செயலர், காரைக்குடி

ஐயா, ஆரோனை அழைத்தீர்கள். அவர் குருப்பட்டம் பெற்ற ஊரையும் முழுதாகப் பாருங்கள். அதே தரங்கம்பாடியில் உள்நாட்டு ஊழியரைப் பயிற்றுவிப்பதற்காக ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1716-லேயே ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். நடந்து கற்பதும் அமர்ந்து கற்பதும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தவிரவும் பெட்டியடிப் பையனுக்கு மேலே திருத்துவதற்கு ஒரு மேலாள் இருந்தார். நம் போதகர் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே ஒரு சேகரத்துக்கு, அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதிக்கு, தனியாளாகப் போய்ச் சேருகிறார். அவர் தவறினால் பக்கத்தில் அமர்ந்து சொல்ல யார் இருக்கிறார்?

கிராமச் சேகரப் போதகர்

பெயரும் ஊரும் வேண்டாம் என்பதால் இப்படி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை அத்தகைய பயிற்சிக்குப் போனவன். நல்ல கட்டுக்கோப்பான வகுப்புகள், நல்ல சாப்பாடு, கையில் ஒரு கோப்பு. மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைக் கண்ட மாமனார் எத்திரோ, நீயும் தளர்வாய், ஜனமும் தளரும் என்று கடிந்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்ன பகுதியை அங்கே ஒரு முழுநாள் படித்தோம். ஊர் திரும்பியதும் அதைச் செய்யத் துணிந்தேன். ஞாயிறு பள்ளியை ஓர் இளைஞரிடமும், நோயாளிகளைச் சந்திக்கும் பட்டியலை ஒரு மூதாட்டியிடமும் ஒப்படைத்தேன். ஒரே மாதத்தில் மூன்று குடும்பத்தார் வந்து, போதகர் ஐயர் எங்கள் வீட்டுக்கு வராமல் ஆளை அனுப்பினார் என்று குறைப்பட்டார்கள். மறுவாரமே பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது என் கோழைத்தனம்தான், மறைக்கவில்லை. ஆனால் மோசேக்கு மட்டும் வகுப்பு நடத்திவிட்டு, எத்திரோ சொன்னதைக் கேட்காத ஜனத்திடமே அவரைத் திருப்பி அனுப்பினால் பயன் என்ன?

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலர், திருப்பத்தூர்

போதகர் ஐயா சொன்ன மூதாட்டியைப் பற்றிச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் அவரிடமிருந்து பறிக்கப்பட்டபோது அவரிடம் யாராவது காரணம் சொன்னார்களா? செயலர் அண்ணன் அனுப்பவிருக்கும் மூவரில் ஒரு பெண்ணாவது உண்டா? தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் நந்தியாலுக்கு ஒரு பெண்ணையே பேராயராக அபிஷேகம் செய்துவிட்டது. நம் ஊர்களிலோ வீட்டு ஜெபக் கூட்டத்தையும் துக்க வீட்டையும் தாங்குகிறவர்கள் பெண்கள், பயிற்சிக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் ஆண்கள்.

பங்குப்பேரவை உறுப்பினர், சருகணி

கத்தோலிக்கன் இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு இந்த வாதத்தில் பாதி சட்டத்தாலேயே முடிந்துவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குருக்கள் திருநிலை பெற்ற பின்னும் படிப்பைத் தொடர வேண்டும் என்கிறது. ஆண்டுத் தியானமும் அவர்களுக்குக் கடமை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் குருக்களின் உருவாக்கம் பற்றி எழுதியபோது மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என நான்கைக் குறித்து, மனிதப் பண்பையே மற்றவற்றுக்கு அடித்தளமாக வைத்தார். கோபத்தை அடக்கத் தெரியாத பங்குத்தந்தைக்கு மறையுரை நன்றாக வந்து என்ன பயன் என்பதை நாங்களும் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. ஆனாலும் பல இடங்களில் அது கையெழுத்துப் போடும் குழுவாகவே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஓய்வுபெற்ற பொருளர், தேவகோட்டை

கிராமப் போதகர் எழுதியதைப் படித்த பிறகு என் பேச்சில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். பெட்டியடிப் பையன் கற்றான் என்றால், மேலாள் பெட்டியை அவனிடம் விட்டதால்தான் கற்றான். அவன் கணக்கில் பிழை செய்தபோது பெட்டியைப் பிடுங்கவில்லை, பிழையைக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் பொருளராக இருந்த நானே எனக்குப் பின் ஒருவரையும் பழக்கவில்லை. நான் விலகியபோது ரசீதுப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுகூட எவருக்கும் தெரியவில்லை. எனவே பணம் ஒதுக்குவதை இனி எதிர்க்கமாட்டேன். ஆனால் மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முகாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளடக்கியதாகவே இருக்கட்டும்.

சபைச் செயலர், காரைக்குடி

ஐயா, ஞாயிறு இடையில் வரக் கூடாது என்பதற்காகவே திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் முகாமைத் தேடிப் பிடித்தேன்!

ஓய்வுபெற்ற பொருளர், தேவகோட்டை

அதனால்தான் சொல்கிறேன். போதகர் இல்லாத ஞாயிற்றில் ஆராதனையை நடத்தவும் பிரசங்கம் செய்யவும் ஆள் இருக்கிறார்களா என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிடும். மலைக்குப் போகிறவர்கள் மூவர் என்றால், கீழே இருந்து கற்கப்போகிறவர்கள் அதைவிட அதிகம்.

சபைச் செயலர், காரைக்குடி

நேற்று மாலை குழுவில் இதை அப்படியே வைத்தேன். சபையின் ஆசிரியை ஒருவர் மூன்றாவது ஆளாகப் போவதற்குச் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொடங்கும் வேறொரு முகாமுக்குத் தேதியும் மாறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்குப் பிரசங்கம் செய்பவர் யார் என்று கேட்டபோது இருவர் வேதபாடம் வாசிக்க முன்வந்தார்கள், ஒருவர் ஜெபிப்பதாகச் சொன்னார். பிரசங்கத்துக்கு நேரான கோட்டில் இன்னும் எவர் பெயரும் இல்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.