எமிலியா ரொமாஞ்யாவில் சிறு குழுச் சமையல் சுற்றுலா: முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

அடுப்பங்கரை:
இத்தாலியில் பொலோன்யா, மோடெனா, பார்மா மூன்று ஊர்களுக்கும் 7 நாள் சமையல், பண்பாட்டுச் சுற்றுலா. குழுவில் 10 பேர். அக்டோபரில் நானும் அம்மாவும் சேரலாம் என்றிருக்கிறோம். அம்மா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். பயண நிரலில் பாலாடைக்கட்டி ஆலை, பால்சமிக் வினிகர், பாஸ்தா வகுப்பு எல்லாம் இருக்கின்றன. எதை எதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்? விசாவுக்கு எப்போது போக வேண்டும்?

கொப்பரைக்காரர்:
நிரலில் இடத்தின் பெயரைவிட நேரத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பாலாடைக்கட்டியான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் காலையில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். முந்தின நாள் மாலைப் பாலில் ஆடை எடுத்து, காலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றி உறை விடுவார்கள். திரிந்ததை நீளக் கம்பிக்கூண்டால் அரிசி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். குருணை அடியில் படிந்து ஒரே கட்டியானதும் இரண்டு பேர் துணி விட்டுத் தூக்கி, கத்தியால் இரண்டாக வெட்டித் தனித்தனித் துணியில் தொங்க விடுவார்கள். பார்க்க வேண்டியது அந்த நிமிடத்தைத்தான். ஒரு பாலாடைக்கட்டி வட்டுக்குச் சுமார் 550 லிட்டர் பால், முதிர்ந்தபின் எடை 40 கிலோ வரை. 9 மணிக்குள் ஆலையில் இருக்க வேண்டும். "காலை 11 மணி" என்று போட்டிருந்தால் கொப்பரை கழுவுவதைத்தான் பார்ப்பீர்கள். மிச்சம் உப்புநீர்த் தொட்டியும் கிடங்கும்தான்.

பால்சமிக்கில் "த்ரதிசியோனாலே" என்ற சொல் நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அது திராட்சைச் சாற்றை மட்டும் காய்ச்சி, பரண் பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம் வைத்தது. 25 வருடம் ஆனது "எக்ஸ்ட்ராவெக்கியோ". கடையில் கிடைக்கும் சாதா மோடெனா பால்சமிக்கில் ஒயின் வினிகர் கலந்திருக்கும். 60 நாள் வைத்தாலே போதும். இரண்டும் வேறு வேறு பொருள். பீப்பாய் பரணில்தான் இருக்கும் என்பதால் படி எத்தனை, கைப்பிடி உண்டா என்று அம்மாவுக்காகக் கேளுங்கள். சாறு காய்ச்சுவது செப்டம்பர், அக்டோபரில்தான். உங்கள் மாதம் நல்ல மாதம்.

இன்னொன்று. பொலோன்யாவின் அசினெல்லி கோபுரம் ஏறுவது நிரலில் இருந்தால், இப்போது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துக் கரிசெண்டா கோபுரத்தின் சாய்வு காரணமாக 2023 அக்டோபரில் மூடினார்கள். பழைய நிரலையே அனுப்புகிறார்களா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

சைவத்தட்டு:
அம்மா பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்காவிட்டால் சிரமப்படுவார். பார்மிஜானோவுக்கு விடும் உறை கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அதன் விதியே அப்படி. சைவ வகை என்று ஒன்று கிடையாது. இது அம்மாவுக்குச் சம்மதமா என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் பாதி உணவில் அது உண்டு.

"இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. தொர்த்தெல்லினி என்ற பூரணம் வைத்த சிறு பாஸ்தாவின் உள்ளேயும் இறைச்சி, அது மிதக்கும் சாறும் இறைச்சிச் சாறு. மோடெனாவின் திஜெல்லே ரொட்டியில் பூண்டும் பன்றிக்கொழுப்பும் அரைத்துத் தடவுவார்கள். பியாதீனா என்ற தட்டை ரொட்டியின் மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஆகவே "கார்னே" (இறைச்சி), "ஸ்ட்ருட்டோ" (பன்றிக்கொழுப்பு), "ப்ரோதோ தி கார்னே" (இறைச்சிச் சாறு) மூன்றும் வேண்டாம் என்று எழுதி, ஒவ்வொரு வேளைக்கும் மாற்று உணவு என்ன என்று பெயரோடு பதில் வாங்குங்கள். ரிகோத்தா வைத்த தொர்த்தெல்லோனி, பூசணி வைத்த கப்பெல்லாச்சி என்ற இரண்டு பாஸ்தாவும் நல்ல மாற்று. இவற்றிலும் பார்மிஜானோ சேரும்.

பயணக்கணக்கு:
இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அந்த 15 நாளை நம்பாதீர்கள், ஜூலையிலேயே போய்விடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எந்தத் தேதியில் எந்த விடுதி என்று பெயர், முகவரியோடு சுற்றுலா நடத்துபவரிடம் கடிதம் கேளுங்கள். "நான்கு நட்சத்திர விடுதி அல்லது அதற்கு இணையானது" என்று எழுதிக் கொடுத்தால் உதவாது.

சிறு குழுவில் பலர் சறுக்குவது குறைந்தபட்ச எண்ணிக்கையில். 6 பேர் சேராவிட்டால் ரத்து என்ற மாதிரி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும். புறப்பாடு உறுதி என்று எழுத்தில் வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள். ரத்தானால் சுற்றுலாப் பணம் திரும்பும், டிக்கெட் பணம் திரும்பாது. விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். "மாத்ரிமோனியாலே" அறை என்றால் ஒரே பெரிய கட்டில். உங்களுக்குத் தனித்தனிக் கட்டில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுப்பங்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. பாஸ்தா வகுப்பில் என்ன கேட்க வேண்டும்?

கொப்பரைக்காரர்:
ஒரு பலகைக்கு எத்தனை பேர், மாவை இயந்திரத்தில் இழுப்பார்களா கையால் தேய்ப்பார்களா என்ற இரண்டும். நல்ல வகுப்பில் ஆளுக்கொரு மரப்பலகையும் நீள உருட்டுக்கட்டையும் தருவார்கள். பலகையின் சொரசொரப்பு மாவில் பதிவதால்தான் குழம்பு ஒட்டும். கணக்கு, 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. பிசைந்து மூடி அரை மணி நேரம். பலரும் கோட்டை விடுவது மடிப்பில். மாவு தேய்த்ததும் உடனே வெட்டி, பூரணம் வைத்து மூட வேண்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ஓரம் காய்ந்து ஒட்டாது, கொதிநீரில் வாய் திறந்துகொள்ளும். மேலே மாவு தூவினாலும் அதே கதி. தேய்த்த மாவில் பாதியை ஈரத்துணியால் மூடிவைத்து, பாதியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள் அம்மாவிடம்.