‘டெண்டன் கிளைடிங்’ என்பதற்கு ‘நாணோட்டம்’: ஒரு முன்மொழிவு

அன்புடைய குழுவினர்க்கு வணக்கம்.

கையில் அறுந்த தசைநாணைத் தைத்த பின் நோயாளியிடம் கொடுத்தனுப்பும் வீட்டுக் கையேட்டைத் தமிழில் எழுதிவரும் தோழி, ‘டெண்டன் கிளைடிங்’ (தசைநாண் தன் உறைக்குள் முன்பின் நகர்வது) பயிற்சிகளுக்குப் பொருத்தமான சொல் கேட்டிருந்தார். சறுக்கம், வழுக்கம், நழுவல், பெயர்ச்சி, இழைவு ஆகியவை இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. கை அறுவைக்குப் பிந்தைய செயல்வழிச் சிகிச்சையில் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை என்பதால், நோயாளியின் பக்கமிருந்து இந்தச் சொற்களை எடைபோட்டு, ‘நாணோட்டம்’ என்ற சொல்லை முன்மொழிய விரும்புகிறேன்.

முதலில் கைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் தேவை அதிலிருந்துதான் பிறக்கிறது. விரலை வலுவாக மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுப்பை விரலெலும்பு வரை கொண்டுசேர்ப்பவை தசைநாண்கள். கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் மடக்கு நாண்கள் இரண்டு. மேல்நாண் விரலின் நடு எலும்பில் முடிகிறது. ஆழ்நாண், மேல்நாண் இரண்டாகப் பிளந்து விடும் வழியில் புகுந்து நுனி எலும்பு வரை செல்கிறது. இரண்டும் ஒரே குறுகிய உறைக்குள், எலும்பை விட்டு விலகாதபடி அவற்றை அணைத்துப் பிடிக்கும் வளையங்களுக்கு அடியில் போகின்றன. அந்த வளையங்களை உலகெங்கும் கை அறுவை மருத்துவர்கள் ‘புல்லி’, அதாவது கப்பி, என்றே அழைக்கிறார்கள். விரல்களை ஒட்டிய உள்ளங்கை ரேகையிலிருந்து நடு எலும்பின் மையம் வரையுள்ள இந்தப் பகுதியை அவர்கள் இரண்டாம் மண்டலம் என்கிறார்கள். இங்கே வெட்டுப்பட்டால், தைத்த நாண் ஆறும்போது உருவாகும் தழும்பு நாணை உறையோடு பிணைத்துவிடுகிறது. சில வேளைகளில் இரண்டு நாண்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. தையல் நன்றாகப் பிடித்திருக்கும், ஆனால் விரல் மடங்காது.

இதனால்தான் அமெரிக்கக் கை அறுவையின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னெல் இந்தப் பகுதியை எவரும் கால்வைக்கக் கூடாத போர்முனை நிலமாகக் கருதி, உடனடியாக நாணைத் தைக்காமல் தோலை மட்டும் மூடி, பிறகு உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த ஒட்டு நாண் வைப்பதே மேல் என்றார். 1967-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரின் ஹெரால்ட் கிளைனர்ட் குழுவினர், உடனே தைத்து, நகத்தில் கட்டிய ரப்பர் பட்டையின் உதவியோடு தொடக்கத்திலிருந்தே விரலை அசையவிட்டு நல்ல பலன் கண்டதை வெளியிட்டபோது அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. 1975-இல் டுரான், ஹவுசர் என்ற மருத்துவர்கள், தைத்த இடம் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை முன்பின் நகர்ந்தாலே இறுகிய தழும்பைத் தவிர்க்கலாம் என்று காட்டினார்கள். அரிசி மணியின் நீளமே உள்ள அந்த அசைவுதான், பிற்காலத்தில் அந்த விரல் சோறு பிசையுமா பிசையாதா என்பதைப் பெரிதும் முடிவுசெய்கிறது. நாம் பெயரிடப் போவது அந்த அசைவுக்கு.

நோயாளியோ இரண்டு அச்சங்களுக்கு நடுவில் இருக்கிறார். வெட்டுப்பட்டதை அவர் ‘நரம்பு அறுந்துவிட்டது’ என்றே சொல்வார். தசைநாண், உணர்வு நரம்பு, இரத்தக் குழாய் மூன்றையும் மக்கள் வழக்கு நரம்பு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. விரலில் இவை பல வேளைகளில் சேர்ந்தே வெட்டுப்படுவதால் அதில் வியப்பில்லை. தைத்த நரம்பு மறுபடி அறுந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் விரலை அசைக்காமலே வைத்திருந்து, தழும்பு இறுகிய பின் வருகிறார்கள். வேறு சிலர், விரைவில் வலிமை வரட்டும் என்று பக்கத்து வீட்டார் கொடுத்த பந்தைப் பிசைந்து தையலை அறுத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் சில வாரங்களில் இழுப்பைத் தாங்குவது பெரும்பாலும் தையல் நூலே. வளர்ந்து முதிர்ந்த திசு அல்ல. ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘நாண் தன் தடத்தில் போய்வர வேண்டும்’ என்பதையும், ‘இது வலிமைக்கான வேலை இல்லை’ என்பதையும் ஒருசேர உணர்த்த வேண்டும். அகராதிப் பொருத்தத்தைவிட இந்த இரண்டையுமே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்த நோக்கில் பார்த்தால் சறுக்கம் உதவாது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று சொல்லிப் பழகிய காதுக்குச் சறுக்குதல் என்பது தவறி விழுதல்தான். தைத்த நாண் சறுக்க வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்தால் அவர் கையை அசைக்கவே மாட்டார். வழுக்கத்துக்கும் அதே குறை. நழுவல் இன்னும் மோசம், ஏனெனில் கைநழுவிப் போதல் என்றால் இழத்தல் என்பது பொருள். அறுவை முடிந்த கையைப் பற்றி எழுதும்போது அந்த நிழல் விழக் கூடாது. பெயர்ச்சி இயற்பியலுக்கு ஏற்றது என்றாலும், பெயர்ந்துபோதல் என்பது இருந்த இடத்தைவிட்டு விலகிக் கெடுவதையும் குறிக்கும். இழைவு அழகான சொல். அதை முன்வைத்த பேராசிரியர் ஐயாவின் ரசனையை மதிக்கிறேன். ஆயினும் இழைதல் என்பதில் ஒன்றோடொன்று உரசி ஒன்றிப்போகும் சாயல் இருக்கிறது. நாம் தவிர்க்கப் பாடுபடுவது அந்த ஒன்றிப்போதலைத்தான். நகர்வு என்ற பொதுச்சொல்லில் பழுதில்லை. ஆனால் ஒரு தடத்துக்குள் போய்த் திரும்புவது என்பது அதில் தெரியவில்லை.

இனி ஓட்டம். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிறது என்றே சொல்கிறோம். சறுக்குகிறது என்று எவரும் சொல்வதில்லை. கயிறு சிக்கினால் ‘ஓடவில்லை’ என்கிறோம். விரலுக்குள் இருப்பதும் கப்பிதான் என்று மருத்துவமே பெயரிட்டிருக்கும்போது, அதற்குள் போகும் நாணுக்கு ஓட்டம் என்ற சொல் தானாக வந்து பொருந்துகிறது. தறியில் நாடா இருபுறமும் ஓடுவதால், ஓட்டம் ஒரே திசையில்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. நீரோட்டம், தேரோட்டம், குருதியோட்டம் என்ற வரிசையில் நாணோட்டம் நாக்குக்குப் புதிதாகத் தோன்றாது. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை: நாண் என்பது நெடிலை அடுத்து வரும் மெய்யில் முடிவதால் ஒற்று இரட்டாது.

இதைவிடப் பெரிய வசதி, இது வினையாகவும் நிற்பது. இன்று சில இடங்களில், கையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே நாணைத் தைக்கிறார்கள். கனடாவின் அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் போன்றோர் பரப்பிய முறை இது. தைத்து முடித்ததும், தோலை மூடும் முன்பே, விரலை மடக்கி நீட்டச் சொல்லி, தைத்த இடம் கப்பியில் தட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த மேசையருகே ‘நாண் ஓடுகிறதா?’ என்று கேட்கலாம், ‘நாண் இழைகிறதா?’ என்று கேட்க முடியாது.

நாண் என்ற முற்பகுதியைப் பற்றி ஒரு சொல். தசைநார் என்று எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நாளிதழ்கள் தசைநார் என்பதை எலும்புகளை இணைக்கும் நார்களுக்கும், தசைச் சிதைவு நோயின் பெயரிலும் கலந்து எழுதிவருவதால் அதை இங்கே கொண்டுவர வேண்டாம். இழுத்து விசையைக் கடத்துவது வில்லின் நாண். அதுவே இதற்கும் பொருந்தும். நாணம் என்ற பொருள் குறுக்கிடும் என்ற ஐயத்துக்கு, கையேட்டின் முதல் இடத்தில் ‘தசைநாண் ஓட்டம்’ என்று விரித்தெழுதி, பிறகு சுருக்கினால் போதும்.

இலங்கையிலிருந்து எழுதிய மருத்துவர் அம்மா எழுப்பிய தடையைத்தான் மிகவும் பொருட்படுத்துகிறேன். தழும்பு பிணைத்துக்கொள்வதை ஒட்டு, ஒட்டல் என்று எழுதினால், ‘நாணொட்டு’ம் ‘நாணோட்ட’மும் ஒரு கொம்பின் வளைவில் மட்டும் வேறுபட்டு நிற்கும். ஒன்று நாம் விரும்புவது, மற்றது நாம் அஞ்சுவது. கையெழுத்தில் எழுதிய குறிப்பை நோயாளியின் வீட்டார் படிக்கும்போது எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் குழம்புவது நடக்கக்கூடியதே. இந்தத் தடை சரியானது. ஆனால் அது ஓட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை, ஒட்டைக் கைவிடச் சொல்கிறது. ‘தழும்பு பிடித்துக்கொண்டது’ என்று மக்களே சொல்வதால், அந்த நிலையைத் ‘தழும்புப் பிடிப்பு’ என்று வழங்கலாம். பிடிப்பு என்பது தசைப்பிடிப்புக்கும் பொருளைப் பற்றுவதற்கும் வழங்குவதால், தழும்பு என்ற அடையை எங்கும் விடக் கூடாது. மாதங்கள் கடந்தும் விரல் மடங்காதபோது செய்யும் அறுவையைத் ‘தழும்புப் பிடிப்பு நீக்கம்’ எனலாம்.

அடுத்து, இரண்டு நாண்களும் வெவ்வேறு அளவில் ஓட வேண்டும் என்ற கருத்து. கை முழுவதையும் மூடும்போது ஆழ்நாண் மேல்நாணைவிட அதிகத் தூரம் செல்கிறது. இரண்டும் தனித்தனியே ஓடினால்தான் அவை ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கும். இதற்குத் ‘தனித்தனி நாணோட்டம்’ என்பது போதும். ‘வேறுபாட்டு நாணோட்டம்’ என்பது தேர்வுத்தாளுக்குச் சரி, நோயாளிக்கு ஆகாது. மேல்நாணின் ஓட்டத்தைச் சேர்த்தெழுதும்போது கவனம் வேண்டும். ‘மேலோட்டம்’ என்று குறுகினால் பொருளே போய்விடும்.

பயிற்சியில் கை எடுக்கும் வடிவங்கள் ஐந்து. விரல்கள் நேராக நிற்பது நேர்விரல். அடிமூட்டு நேராக இருக்க மற்ற இரு மூட்டுகளும் மடங்குவது கொக்கிக்கை. இரண்டு நாண்களுக்கும் இடையிலான வேறுபட்ட ஓட்டம் இதில்தான் மிகுதி. எல்லா மூட்டுகளும் மடங்குவது முழுமுட்டி. ஆழ்நாண் இதில் மிக அதிகமாக ஓடும். அடிமூட்டு மட்டும் மடங்கி விரல்கள் பலகைபோல் நிற்பது மேசைக்கை. நுனிமூட்டு மட்டும் நேராக இருக்க மற்றவை மடங்குவது தட்டைமுட்டி. இது மேல்நாணுக்கு உரியது. முட்டி என்றால் முழங்கால் என்று எண்ணுவார்களே என்பவர்களுக்கு, நாட்டியத்தில் மூடிய கைக்கு முட்டி என்பதே பெயர் என்பதை நினைவூட்டுகிறேன். கையேட்டில் படமும் இருக்கும் என்பதால் குழப்பம் வராது.

ஒரு நல்ல கலைச்சொல் பக்கத்துத் துறைக்கும் தாங்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குச் செய்த நாண் இடமாற்ற அறுவையில், நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணைப் புதிய வழியில் கொண்டுசென்று பிணைப்பார்கள். அங்கே நாணுக்குப் பழைய தடமே இல்லை. புதுத் தடத்தில் அதை ஓடப் பழக்குவதே பின்சிகிச்சையின் பெரும்பகுதி. அதையும் நாணோட்டம் என்று தயங்காமல் எழுதலாம். வேலூர், சென்னை ஸ்டான்லி மருத்துவமனை, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை எனக் கை அறுவைக்குப் பெயர்பெற்ற இடங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஓர் ஊரில் அறுவை செய்துகொண்டவர் தம் ஊருக்கு அருகில் சிகிச்சையைத் தொடர்வது வழக்கம். இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருந்தால் அவர் தடுமாற மாட்டார்.

ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன என்று இளைய நண்பர் கேட்டார். ‘ஆபரேஷன்’ போலப் பழகிய சொல்லாக இருந்தால் நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் ‘டெண்டன் கிளைடிங்’ நோயாளிக்கு எதையும் சொல்வதில்லை. நாங்கள் வாயால் விளக்குவதை அது வீட்டில் நினைவூட்டுவதும் இல்லை.

தோழியின் கையேட்டுக்கு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். “உங்கள் விரலை மடக்கும் தசைநாணைத் தைத்திருக்கிறோம். அது ஆறும்போது சுற்றியுள்ள தழும்பு அதைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, நாண் தன் உறைக்குள் சிறிதளவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கானவை நாணோட்டப் பயிற்சிகள். சிகிச்சையாளர் காட்டிய அளவுக்கு மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். புறங்கைச் சிம்பை (கையின் பின்புறம் கட்டிய தாங்கியை) அவர் சொல்லும்வரை இரவிலும் கழற்றாதீர்கள். பந்தைப் பிசைவது, பை தூக்குவது, துணி பிழிவது போன்றவற்றை இப்போது அந்தக் கையால் செய்யாதீர்கள். வலுவூட்டும் பயிற்சி பிறகு வரும்.” சிம்பைப் பொதுவாக ஆறு வாரம் அணிவதும், எட்டாம் வாரத்தை ஒட்டி வலுவூட்டலைத் தொடங்குவதும், பளுவான வேலைக்குப் பன்னிரண்டு வாரம் காத்திருப்பதும் பரவலான நடைமுறை. ஆனால் தையலின் தன்மையைப் பொறுத்து இவை மாறும் என்பதால், கையேட்டில் எண்களை அச்சிடாமல் கையால் நிரப்பக் கட்டம் விடுவது நல்லது. ‘நாணோட்டப் பயிற்சி’யையும் ‘வலுவூட்டும் பயிற்சி’யையும் வெவ்வேறு பக்கங்களில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான வடிவம் கிடைக்கவில்லை. மறுகையால் விரலை மடக்கி வைத்து, பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு, மடங்கிய நிலையை விரல் தன் தசையாலேயே மென்மையாகச் சில நொடி காக்கச் செய்வோம். ஆங்கிலத்தில் ‘பிளேஸ் அண்ட் ஹோல்ட்’ என்கிறார்கள். ‘வைத்து நிறுத்தல்’ என்று இப்போது சொல்லிவருகிறேன். நிறுத்தல் என்பதைப் பயிற்சியை நிறுத்துவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘மடக்கிக் காத்தல்’ என்பது பொருந்துமா, அல்லது இதைவிட இயல்பான சொல் உங்கள் பகுதி வழக்கில் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். கையேடு அச்சுக்குப் போகும் முன் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.